ஒரு நகரத்தின் பிரேதப் பரிசோதனை

41 டிகிரி வெயில் என்றால் வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கத்திரி நாட்களில் அங்கேயும் திருத்தணியிலும் அது சாதாரணக் கணக்கு. மறுநாள் பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தியும் தர்பூசணிக் கடையின் படமும் வரும், அத்தோடு சரி. 1995 ஜூலை 13 அன்று அமெரிக்காவின் சிகாகோவில், மிட்வே விமான நிலையத்தில் பதிவான வெயிலும் அதே 41 டிகிரிதான். அதற்கடுத்த ஒரே வாரத்தில், ஜூலை 14 முதல் 20 வரை, அந்த நகரத்தில் வழக்கமாக இறப்பவர்களைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். 1871-இல் சிகாகோவைச் சாம்பலாக்கிய பெருந்தீயில்கூட இறந்தவர்கள் சுமார் 300 பேர்தான். அந்தத் தீயைப் பற்றி உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்கள் பேசுகின்றன. வெயிலில் செத்தவர்களைப் பற்றி ஊரே வெகு சீக்கிரம் பேச்சை நிறுத்திக்கொண்டது.

ஏன் இறந்தார்கள் என்று கேட்டால் மருத்துவத்திடம் பதில் இருக்கிறது. உடம்பு தன் சூட்டை வியர்வை வழியாக வெளியேற்றுகிறது. வியர்வை காய்ந்தால்தான் குளிர்ச்சி. அந்த வாரம் சிகாகோவின் காற்றில் ஈரம் நிறைந்திருந்தது. வியர்வை காயவே இல்லை. உடம்புக்கு அது 50 டிகிரிக்கு மேல் என்று உறைத்தது. ராத்திரியிலும் சூடு இறங்கவில்லை. குளிர்காலத்தை மனதில் வைத்துக் கட்டிய செங்கல் குடியிருப்புகள் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் உள்ளேயே வைத்திருந்தன. மேல்மாடியில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறையும். ரத்த அழுத்தத்துக்கும் மனநலத்துக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் உடம்பின் சூட்டுச் சமநிலையை மேலும் கெடுக்கும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மூளை தடுமாறும், சிறுநீரகம் நிற்கும், இதயம் நிற்கும்.

இதில் எதுவும் தவறில்லை. ஆனால் இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிகாகோ வரைபடத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரே வெயில், ஒரே ஈரப்பதம், ஒரே நகராட்சி. ஒரு பேட்டையில் கொத்துக் கொத்தாகச் சாவு. சாலையைத் தாண்டினால் அடுத்த பேட்டையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நோய்க்கும் சாவுக்கும் உடம்புக்கு வெளியே காரணம் தேடும் மருத்துவச் சமூகவியல் என்ற படிப்பு என்ன செய்கிறது என்று அறிய, அந்தச் சாலையைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

முதலில் அந்த வாரத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியதில் மின்சாரம் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு கட்டத்தில் சுமார் 49,000 வீடுகள் இருட்டில் கிடந்தன. தெருவோரத் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிட்டு மக்கள் நனைந்தார்கள், அதனால் சில பேட்டைகளில் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றது. குழாய்களை மூட வந்த ஊழியர்கள்மீது கல் விழுந்தது. 23 மருத்துவமனைகள் இடமில்லை என்று ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்தன. நகரம் அடங்கிய குக் மாவட்டத்தின் பிணவறைக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 17 உடல்கள் வரும்; அங்கே இருந்த இடம் 222 உடல்களுக்கு. சில நாட்களில் அது நிரம்பி வழிந்தது. இறைச்சி ஏற்றும் குளிர்சாதன லாரிகளை வரவழைத்து வாசலில் நிறுத்தினார்கள்.

சண்டை அங்கேதான் தொடங்கியது. இவர்கள் எல்லாம் வெயிலால் செத்தவர்கள் என்று யார் சொன்னது?

சொன்னவர் மாவட்டத்தின் தலைமைப் பிரேதப் பரிசோதனை மருத்துவர் எட்மண்ட் டோனஹியூ. அவர் வைத்திருந்த அளவுகோல் எளிமையானது. இறக்கும்போதோ இறந்த உடனேயோ உடல் வெப்பம் 105 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்திருக்க வேண்டும். அப்படி அளக்க முடியாவிட்டால், மூடிய ஜன்னல், தகிக்கும் அறை போன்ற நேரடிச் சான்றுகள் இருக்க வேண்டும். அதுவும் இல்லாமல் உடல் அழுகிய நிலையில் கிடைத்தால், அந்த ஆள் கடைசியாக உயிரோடு காணப்பட்டது வெயில் நாட்களில்தான் என்று தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று பொருந்தினாலும் சாவுக்கு வெயில் காரணம் என்று எழுதினார். ஜூலை 11 முதல் 27 வரை அவர் அப்படி எழுதிய கணக்கு 465.

மேயர் ரிச்சர்ட் எம். டேலிக்கு இது பிடிக்கவில்லை. கோடையில் யார் செத்தாலும் வெயில் என்றா எழுதுவது என்று பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அவர் கேட்டார். வயதானவர்கள், இதய நோயாளிகள் எப்படியும் சாகிறவர்கள்தானே என்பது அந்தக் கேள்வியின் உட்பொருள். பத்திரிகைகளில் சிலவும் அந்தச் சந்தேகத்தைக் கையில் எடுத்துக்கொண்டன. டோனஹியூ அசரவில்லை. மத்திய அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் அவருடைய அளவுகோலைச் சரி என்று ஏற்றது. பின்னர் வேறு வழியிலும் எண்ணிப் பார்த்தார்கள்: சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, சாதாரண ஜூலையில் ஒரு வாரத்தில் எத்தனை பேர் சாவார்கள், இந்த ஜூலையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கழித்துப் பார்ப்பது. அப்படி வந்த எண்தான் 739. டாக்டர் எண்ணிக்கையைப் பெருக்கவில்லை, குறைத்தே சொல்லியிருந்தார் என்று ஆனது.

எப்படியும் சாகிறவர்கள்தானே என்ற வாதத்தையும் புள்ளியியல் விடவில்லை. வெயிலால் சில நாள், சில வாரம் முன்கூட்டிச் செத்தவர்கள் மட்டும்தான் இவர்கள் என்றால், வெயில் தணிந்த பிறகு சாவு எண்ணிக்கை வழக்கத்துக்குக் கீழே விழ வேண்டும். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தச் சரிவைத் தேடிப் பார்த்தது. கால்பங்கு அளவுக்குத்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. மற்றவர்கள் வெயில் வராவிட்டால் இருந்திருப்பார்கள்.

நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் உடனே களத்தில் இறங்கினார்கள். இறந்தவர்களில் 339 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அதே பேட்டையில் அதே வயதில் பிழைத்திருந்த ஒருவரை இணையாக வைத்து ஒப்பிட்டார்கள். 1996-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. படுக்கையில் கிடந்தவர்கள், தனியே வசித்தவர்கள், வீட்டை விட்டு வெளியே வராதவர்கள் அதிகம் இறந்திருந்தார்கள். ஏசி இருந்தவர்களும், அக்கம்பக்கத்தில் நாலு பேரோடு பழக்கம் இருந்தவர்களும் பிழைத்தார்கள். நேர்த்தியான ஆய்வு, பயனுள்ள முடிவு. ஆனால் அதன் அமைப்பிலேயே ஒரு மறைவு இருந்தது. இறந்தவரையும் பிழைத்தவரையும் ஒரே பேட்டையிலிருந்து எடுத்தால், பேட்டைக்கும் சாவுக்கும் உள்ள உறவு கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். தனிமை ஆபத்து என்று அந்த ஆய்வு சொல்லும். சில இடங்களில் தனிமை ஏன் அவ்வளவு ஆபத்தாக இருந்தது, வேறு சில இடங்களில் ஏன் இல்லை என்று சொல்லாது.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் எரிக் கிளினென்பெர்க். சிகாகோவிலேயே பிறந்து வளர்ந்தவர், அப்போது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு மாணவர். மருத்துவர் உடலை அறுத்துக் காரணம் தேடுவதுபோல நகரத்தையே அறுத்துப் பார்ப்பது என்று கிளம்பினார்; அதற்குச் சமூகப் பிரேதப் பரிசோதனை என்று பெயரும் வைத்தார். காவல் துறை அறிக்கைகள், கேட்டுவர ஆளில்லாதவர்களின் உடைமைகளை வைத்திருந்த மாவட்ட அலுவலகத்தின் கோப்புகள், பழைய செய்தித்தாள்கள், மாடி மாடியாக ஏறித் தனிமையில் வாழும் முதியவர்களோடு பேச்சு என்று வருடக்கணக்கில் வேலை நடந்தது. 2002-இல் ‘ஹீட் வேவ்’ என்ற புத்தகமாக வந்தது.

புத்தகத்தின் ஓர் அத்தியாயம் நகரத்தின் மேற்கே, ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு பேட்டைகளைப் பற்றியது. வடக்கே நார்த் லான்டேல், தெற்கே சவுத் லான்டேல். இரண்டாவதற்கு ‘லிட்டில் வில்லேஜ்’ என்று செல்லப்பெயர். இரண்டிலும் தனியே வாழும் முதியவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்று. வறுமையில் இருந்த முதியவர்களும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நார்த் லான்டேலில் 19 பேர் இறந்தார்கள், லட்சத்துக்கு 40 என்ற விகிதம். சவுத் லான்டேலில் 3 பேர், லட்சத்துக்கு 4. பத்து மடங்கு வித்தியாசம்.

நார்த் லான்டேலுக்கு ஒரு பெரிய காலம் இருந்தது. சியர்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருந்தது, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தொழிற்சாலை எட்டும் தூரத்தில் இருந்தது. பக்கத்து ஊரான சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை. வீட்டு வசதியில் கறுப்பினத்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்த்துப் போராட 1966-இல் மார்ட்டின் லூதர் கிங் வந்து குடியேறியதும் இந்தப் பேட்டையில்தான். 1968-இல் அவர் கொல்லப்பட்டபோது வெடித்த கலவரத்தில் கடைத்தெரு எரிந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, சியர்ஸ் இடம் மாறியது. வேலை போன பின்னால் ஆட்களும் போனார்கள். 1960-இல் சுமார் 1,25,000 பேர் இருந்த இடத்தில் 1990-இல் 47,000 பேர் அளவுக்கே மிஞ்சினார்கள்.

அப்படி ஆளில்லாமல் போன தெருவில் ஒரு முதியவர் என்ன செய்வார்? நடந்துபோய் வாங்க மளிகைக் கடை இல்லை. உட்கார்ந்து பேசத் திண்ணையும் இல்லை, டீக்கடையும் இல்லை. காலி மனையில் புதர். முக்கில் போதைப்பொருள் விற்கிறார்கள். பகலிலேயே கதவைத் தாழிட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வெயில் காலத்திலும் ஜன்னலைத் திறக்காமல் இருப்பதற்கு அறிவீனம் காரணமில்லை, திருட்டுப் பயம் காரணம். வீட்டை விட்டு வெளியே வாருங்கள் என்று நகராட்சி சொன்னபோது, அந்த முதியவர்கள் வருடக்கணக்கில் உயிரைக் காப்பாற்றிக்கொண்டதே வெளியே வராமல் இருந்துதான்.

சவுத் லான்டேலில் 26-ஆம் தெரு என்று ஒரு கடைத்தெரு. மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் நிறைந்த பேட்டை அது. ரொட்டிக் கடை, துணிக் கடை, தள்ளுவண்டி, கைக்குழந்தையோடு தாய்மார்கள், சர்ச்சுக்குப் போய்வரும் கிழவிகள். நெரிசல் அதிகம், இரைச்சல் அதிகம், பணம் குறைவு. அந்தத் தெருவில் முதியவர்கள் இறங்கி நடந்தார்கள், ஏசி போட்ட கடைக்குள் ஏதோ வாங்குவதுபோல நின்று வந்தார்கள். இரண்டு நாள் ஆளைக் காணோம் என்றால் கவனிக்கக் கடைக்காரர் இருந்தார்.

சிகாகோ மக்கள்தொகையில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் அப்போது சுமார் 25 விழுக்காடு. வெயிலில் இறந்தவர்களில் அவர்கள் 2 விழுக்காடுதான். ஆக, அவர்களுடைய குடும்பப் பாசம் காப்பாற்றியது என்று பலர் முடிவு கட்டினார்கள். நம் ஊரில் சொன்னாலும் உடனே தலையாட்டுவோம். கூட்டுக் குடும்பப் பெருமை என்றால் நமக்கு அவ்வளவு இஷ்டம். கிளினென்பெர்க் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேட்டையில் பழைய காலத்து செக், போலந்துக் குடும்பங்களின் முதியவர்கள் இன்னும் இருந்தார்கள். வெள்ளையர்கள், பலர் தனிக்கட்டைகள், பிள்ளைகள் எப்போதோ புறநகருக்குப் போய்விட்டவர்கள். அவர்களும் பிழைத்தார்கள். குடும்பம் அவர்களைக் காப்பாற்றவில்லை, தெரு காப்பாற்றியது.

பின்னாளில் அவர் எடுத்துக்காட்டிய இன்னொரு ஜோடி இதைவிடக் கூர்மையானது. நகரத்தின் தெற்கே இங்கிள்வுட், ஆபர்ன் கிரெஷம் என்று இரண்டு பேட்டைகள். இரண்டிலுமே கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவர்கள். இங்கிள்வுட்டில் சாவு லட்சத்துக்கு 33, ஆபர்ன் கிரெஷமில் லட்சத்துக்கு 3. பணக்காரர்கள் வாழும் வடக்குப் பேட்டைகள் பலவற்றைவிட ஆபர்ன் கிரெஷம் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. இங்கிள்வுட் 1960-க்கும் 1990-க்கும் இடையில் தன் மக்களில் பாதியை இழந்த இடம். ஆபர்ன் கிரெஷமில் ஆட்கள் போகவில்லை, கடைகளும் போகவில்லை.

இப்படிப் பார்க்கும் பழக்கம் சிகாகோவில் பிறந்ததல்ல. 1848-இல் பிரஷ்ய அரசு, ருடால்ஃப் விர்ஹோ என்ற 26 வயது மருத்துவரை மேல் சிலேசியாவில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராய அனுப்பியது. உயிரணு நோயியலின் தந்தை என்று பின்னாளில் பெயரெடுத்தவர். மூன்று வாரம் சுற்றிவிட்டு அவர் எழுதிய அறிக்கையில் மருந்தைவிட அரசியல் அதிகம் இருந்தது. அங்கிருந்த போலந்து ஏழைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வேண்டும், சுயாட்சி வேண்டும், வரிச்சுமையை ஏழைகளின் தலையிலிருந்து இறக்க வேண்டும், சாலை போட வேண்டும். அரசு கேட்டது காய்ச்சலுக்கு மருந்து. அடுத்த ஆண்டே பெர்லினில் அவருடைய வேலை போனது. 1848 புரட்சியில் அவர் பங்கெடுத்ததும் அதற்குக் காரணம்.

பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய ‘வைட்ஹால்’ ஆய்வு வேறொரு கோணம். லண்டன் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்கள். பட்டினி கிடப்பவர் யாருமில்லை, எல்லோருக்கும் ஒரே இலவச மருத்துவச் சேவை. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் உயரதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கு மேல் இதய நோயால் இறந்தார்கள். பீடி சிகரெட், கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்தாலும் வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. பதவி ஏணியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயுளும் ஒரு படி இறங்கியது.

புரூஸ் லிங்க், ஜோ ஃபீலன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்ததும் அதே 1995-இல்தான். நோய்கள் மாறும், மருந்துகள் மாறும், ஆனால் பணமும் படிப்பும் செல்வாக்கும் நல்ல தொடர்புகளும் உள்ளவர்கள் எந்தக் காலத்தில் எந்த ஆபத்து வந்தாலும் அதிலிருந்து விலகிக்கொள்ள வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். காலராவுக்கு நல்ல தண்ணீர், மாரடைப்புக்கு ஆஞ்சியோ, வெயிலுக்கு ஏசி. ஒரு நோய்க்கான வழியை அடைத்தால் ஏற்றத்தாழ்வு இன்னொரு நோய் வழியாக வரும் என்பது அவர்கள் வாதம். இதைப் படித்துவிட்டுக் கையை விரிப்பவர்களும் உண்டு. ஆபர்ன் கிரெஷம் அப்படிக் கையை விரிக்க விடவில்லை. அங்கே பணமும் அதிகமில்லை, செல்வாக்கும் இல்லை.

கிளினென்பெர்க்கின் புத்தகத்தை எல்லோரும் கொண்டாடவில்லை. மிட்செல் டுனையர் என்ற சமூகவியலாளர் இறந்தவர்களின் முகவரிகளை எடுத்துக்கொண்டு அந்த இரண்டு லான்டேல்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினார். இறந்தவர்களை அறிந்தவர்களோடு பேசினார். அவர்களில் பலர் புத்தகம் வரைந்த சித்திரத்துக்குப் பொருந்தவில்லை என்றார். எல்லோரும் முதியவர்கள் அல்லர், எல்லோரும் தனிக்கட்டைகள் அல்லர். குடியும் போதையும் சில சாவுகளில் கலந்திருந்தன. பேட்டையைப் பற்றிய பொதுச் சித்திரத்தை எடுத்து அங்கே செத்த ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட முடியாது என்பது அவர் குற்றச்சாட்டு. கிளினென்பெர்க் சூடாகப் பதில் எழுதினார். 19 சாவு, 3 சாவு என்ற சிறிய எண்களை வைத்து இவ்வளவு பெரிய கதையைக் கட்டலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். வேறொரு ஆய்வுக் குழு 2006-இல் சிகாகோ முழுவதையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. கடைகள் பூட்டிக்கிடந்த, வணிகம் செத்துப்போன பேட்டைகளில் வெயில் சாவு கூடியிருந்தது அதிலும் தெரிந்தது. டுனையர் சொன்னதுபோல ஆட்களைப் பற்றிய சித்திரம் பிசகியிருக்கலாம். தெருவைப் பற்றிய சித்திரம் நிற்கிறது.

புத்தகம் பேசும் இன்னொரு விஷயம் ஆண்கள். சிகாகோவில் தனியே வாழ்ந்த முதியவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் வயதைச் சமன்செய்து பார்த்தால் ஆண்கள் இரண்டு மடங்குக்கு மேல் இறந்திருந்தார்கள். உடலைக் கேட்டு யாரும் வராதவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள். பெண்கள் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளோடும் அக்கம்பக்கத்தோடும் தொடர்பைப் பராமரிக்கிறார்கள். ஆணுக்குத் தொடர்பு என்றால் வேலையிடம், இல்லாவிட்டால் மனைவி. ஓய்வுபெற்று, மனைவியும் போன பிறகு, மலிவான ஒற்றை அறை விடுதியில் தங்கிவிட்ட கிழவருக்கு ஃபோன் செய்ய ஆளில்லை. இது எந்த மருத்துவப் பரிசோதனையிலும் தெரியாது. வெயிலில் இறந்தவர்களில் 41 பேர் கேட்பாரற்று, ஹோம்வுட் என்ற ஊரின் இடுகாட்டில் ஒரே நீளமான குழியில் புதைக்கப்பட்டார்கள்.

நகராட்சி 1995 நவம்பர் மாதம் ஓர் ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டது. ‘அதீத வானிலை’ பற்றிய அறிக்கை என்று தலைப்பு. வெயில் என்ற சொல் அட்டையில் இல்லை. இருந்தாலும் பாடம் ஏறியிருந்தது. 1999 ஜூலையில் மறுபடியும் கடும் வெயில் வந்தபோது, குளிரூட்டிய கூடங்களைத் திறந்து அங்கே போக இலவசப் பேருந்து விட்டார்கள். தனியே வாழும் முதியவர்களுக்கு ஃபோன் போனது. போலீஸ்காரர்களும் ஊழியர்களும் கதவைத் தட்டினார்கள். 110 பேர் இறந்தார்கள். சின்ன எண்ணல்ல, ஆனால் 739 அல்ல.

2003 ஆகஸ்டில் பிரான்சில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பாரிஸில் கேட்பாரற்றுக் கிடந்த 57 உடல்களின் அடக்கத்துக்கு ஜனாதிபதி ஷிராக்கே வந்து நின்றார். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி, ஊர் நிர்வாகங்கள் தனிமையில் வாழும் முதியவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். வெயில் எச்சரிக்கை வந்ததும் அதைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். முதியோர் நலனுக்குப் பணம் திரட்ட, தொழிலாளர்கள் வருடத்தில் ஒரு நாள் கூலியில்லாமல் வேலை செய்யவும் அந்தச் சட்டம் வழிசெய்தது. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை முணுமுணுத்துக்கொண்டேதான் செய்கிறார்கள்.

இந்தியாவில் முதலில் விழித்த ஊர் அகமதாபாத். 2010 மே மாதம் அங்கே வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. அந்த மே மாத இறப்புப் பதிவுகளை முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 1,344 பேர் கூடுதலாக இறந்திருப்பதைக் கண்டார்கள். 2013-இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அங்கே வந்தது.

தமிழ்நாட்டில் வெயில் சாவின் சமூக வடிவம் சிகாகோவின் அச்சு அல்ல. 2021 கணிப்பின்படி மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு அறுபது வயதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம். தனியே வாழும் பெற்றோர்கள் இங்கேயும் பெருகுகிறார்கள், அவர்களில் சிலருடைய பிள்ளைகள் வேலை பார்ப்பது சிகாகோவிலேயே. ஆனால் இங்கே வெயில் முதலில் பிடிப்பது பூட்டிய வீட்டுக்குள் இருப்பவரை அல்ல, வீட்டுக்கு வெளியே நிற்பவரை: செங்கல் சூளை, கட்டட வேலை, உப்பளம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு பல வருடங்களாக இப்படிப்பட்ட இடங்களில் தொழிலாளர்களின் உடல்நிலையை அளந்துவருகிறது. அவர்களுடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி: பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வேலையிடத்தில் கழிப்பறை இல்லை, அதனால் காலையிலிருந்து தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் அதன் பின்னால் வருகின்றன. கருவுற்ற பெண்கள் சுமார் 800 பேரைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவுக்கும் குழந்தை இறந்தே பிறப்பதற்குமான அபாயம் இரு மடங்காக இருந்தது தெரிந்தது. இங்கே ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டினால் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவுதான். ஆனால் நிவாரணம் என்றாலே சான்று வேண்டும், டோனஹியூவுக்கும் டேலிக்கும் நடந்த அதே சண்டை இங்கே தாலுகா மருத்துவமனைக்கு வந்து சேரும். உப்பளத்தில் மயங்கி விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவரும்போது உடல் வெப்பத்தை யார் அளப்பார்கள்? இதயம் நின்றது என்று எழுதினால் கேள்வி வராது. வெயில் என்று எழுதினால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பயந்த மருத்துவர் எதை எழுதுவார் என்பதில் பெரிய மர்மம் இல்லை.

அதற்கு ஒரு மாற்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீடுகளுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். வெயில் குறிவைக்கும் வீடுகளில் பல அந்தப் பட்டியலில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: கூட யார் இருக்கிறார்கள், பகலில் எங்கே வேலை செய்கிறார்கள். மாவட்ட வாரியாக அந்த மாதங்களின் இறப்புப் பதிவுகளை முந்தைய ஆண்டுகளோடு கழித்துப் பார்க்க எந்த மருத்துவரின் கையெழுத்தும் தேவையில்லை; அகமதாபாத்தில் 1,344 என்ற எண் வந்தது அப்படித்தான்.